அன்றைக்குச் சந்தை இல்லை

எங்கள் மெஸ்ஸில் ஒரு டிவி உண்டு. அதில் சினிமா ஓடலாம், பாட்டு ஓடலாம், மாமியாருக்கு மருமகள் பாலில் விஷம் கலக்கலாம். போலீஸ் மட்டும் வரக் கூடாது. வந்துவிட்டால் ஏட்டய்யா பிட்ட இட்லியை இலையிலேயே போட்டுவிட்டு டிவியைத் திட்ட ஆரம்பித்துவிடுவார்.

“இன்னாடா இது? மகஜர் எழுதாமயே பொணத்தைத் தூக்கிக்கினு போறான்? ரெண்டு சாட்சி எங்க? எவன்டா இவனுக்கு டிரெய்னிங் குடுத்தான்?”

மகஜர் என்பது சம்பவ இடத்தில் என்னென்ன கிடந்தது, எப்படிக் கிடந்தது என்று போலீஸ் எழுதி, பார்த்த இரண்டு பேரிடம் கையெழுத்து வாங்குகிற தாள். ஏட்டய்யா அதைச் சம்பவ இடத்துக்குக் கிளம்புவதற்கு முன்பே எங்கள் மெஸ்ஸில் உட்கார்ந்து எழுதிவிடுவார் என்பது வேறு விஷயம். இரண்டு சாட்சியும் பக்கத்து இலையிலேயே கிடைத்துவிடுவார்கள். பொங்கல் சாப்பிட வந்தவன் கொலைக்குச் சாட்சியாகித் திரும்பிப் போன கதையெல்லாம் எங்கள் மெஸ்ஸில் உண்டு.

மெஸ் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குக் கிட்டே. அவர் எந்த ஸ்டேஷனில் ஏட்டாக இருந்தார் என்று கேட்காதீர்கள். பெயரையும் கேட்காதீர்கள். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், நான் இன்னும் கடை நடத்த வேண்டியிருக்கிறது.

லஞ்சம் வாங்குகிற போலீஸ் என்றால் மேஜை டிராயரைத் திறந்துவைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பவர் என்று நினைப்பீர்கள். எங்கள் ஏட்டய்யா காசைக் கையால் தொட மாட்டார். “காசு பாவம்மா” என்பார். மலையிலிருந்து தேன் வரும், சாமை வரும், பலாப்பழம் வரும். மணலூர்பேட்டைப் பக்கத்திலிருந்து வெல்லம் வரும். அவர் வீட்டு ஜன்னலுக்கு ஒரு திருட்டு கேஸ், மாட்டுக்கொட்டகை ஓட்டுக்கு ஒரு வரப்புச் சண்டை. வாசலில் ஒரு தேக்குக் கதவு இருந்தது, அது எந்தக் கேஸ் என்று அப்போது எங்களுக்குத் தெரியாது. எங்கள் மெஸ்ஸின் பங்கு காலை டிபன். அதில் சட்னி கெட்டியாக இருக்க வேண்டும். தண்ணியாக இருந்தால் கோபிக்க மாட்டார், அடுத்த நாள் ரோட்டோரம் போட்டிருக்கும் பெஞ்சு போக்குவரத்துக்கு இடைஞ்சல் என்று யாராவது வந்து சொல்லிவிட்டுப் போவார்கள்.

இதெல்லாம் எல்லா ஊரிலும் நடக்கிறதுதான். எங்கள் ஏட்டய்யாவின் தனிக் குணம் வேறு. அவருக்குப் பொய்யில் அரைகுறை வேலை ஆகாது.

“பொய்க் கேஸு போடுறது தப்பில்லம்மா. அதையும் ஒழுங்கா போடாம தப்பும் தவறுமா போடுறான் பாரு, அதான் தப்பு” என்பார். சொல்லும்போது முகத்தில் அப்படி ஒரு வருத்தம் இருக்கும். ஊழல் பெருகிவிட்டதே என்று கவலைப்படுகிற பெரியவர்கள் முகத்தில் கூட நான் அந்த வருத்தத்தைப் பார்த்ததில்லை.

ஒருமுறை ஒரு புதுக் கான்ஸ்டபிள், கோழி திருடியவனை நிலா வெளிச்சத்தில் அடையாளம் கண்டதாக எழுதிக்கொண்டு வந்தான். எங்கள் மெஸ்ஸில் வைத்தே ஏட்டய்யா அவனைப் பிடித்துக்கொண்டார். “டேய், அன்னிக்கு அமாவாசைடா. உங்க அப்பன் வூட்டு நிலாவா? காலண்டர் பாத்து எழுதக் கூடாது?” பிறகு அவரே உட்கார்ந்து அந்தக் கேஸைத் திருத்தினார். கோழி எந்தப் பக்கம் கத்தியது, நாய் ஏன் குரைக்கவில்லை, எல்லாவற்றுக்கும் காரணம் வைத்தார். அந்தக் கேஸில் மாட்டியவன் வெளியே வந்த பிறகு எங்கள் கடையில் டீ குடித்துக்கொண்டே சொன்னான்: “அய்யா சொல்றதைக் கேட்டா நானே எடுத்துட்டனோன்னு டவுட்டா கீதுக்கா.” அவன் கோழிக்கறி சாப்பிடாதவன்.

இப்படி ஒரு மனிதரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பல வருஷம் ஓட்டியிருக்கலாம். காளியம்மா எங்களிடம் வேலைக்கு வந்த பிறகு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

காளியம்மா கல்வராயன் மலைக்காரி. வெள்ளிமலையைத் தாண்டி உள்ளே போக வேண்டும் அவள் ஊருக்கு. கரும்பு வெட்டுகிற மாதங்களில் கீழே இறங்கி ஜமாவோடு, அதாவது வெட்டுக்கூலிக் கூட்டத்தோடு, சேர்ந்து வெட்டுவாள், மற்ற மாதங்களில் மேலேயே சாமைக் காட்டில் இருப்பாள். அவள் புருஷன் சடையன் கடுக்காய் பொறுக்கிக் கொண்டுவந்து கீழே விற்பவன். அதிர்ந்து பேசாத ஆள். பஸ்ஸில் இடம் இருந்தாலும் நின்றுகொண்டே வருகிறவன்.

அவள் எங்களிடம் வருவதற்கு முன்பு எங்கள் பக்கத்தில் கரும்பு விவசாயிகளுக்காகப் பேசுகிற ஒரு சங்கத் தலைவர் இருந்தார். லாரிக்காரர் என்று இன்னொருத்தரும் இருந்தார். கரும்பு ஏற்றுகிற லாரிகள் அவருடையவை, கரும்பு வெட்டுகிற ஜமாக்களும் அவருடையவை, மேடையில் உட்கார்கிற கட்சிக்காரர்களில் பாதிப் பேரும் அவருடையவர்கள். வெட்டுக்கூலியிலும் வண்டிக்கூலியிலும் அவர் கை வைப்பதைத் தலைவர் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு வந்தார். ஒருநாள் மலைக்குப் போகிற ரோட்டில், நல்ல வெயிலில், தலைவர் வெட்டுப்பட்டுக் கிடந்தார். யார் செய்திருப்பார்கள் என்று ஊரில் யாரும் யாரையும் கேட்கவில்லை. தெரிந்ததை எதற்குக் கேட்பார்கள்?

தலைவரை முதலில் பார்த்தது சடையன். கடுக்காய் மூட்டையோடு இறங்கி வந்தவன், செத்துப்போனவர் முகத்தை ஈ மொய்க்க வெயிலில் விட்டுவிட்டுப் போக மனசு வராமல், தோளில் கிடந்த துண்டை எடுத்து மூடினான். எங்கள் பக்கத்தில் யாராக இருந்தாலும் அதைச் செய்வார்கள். மூடிவிட்டு மூட்டையைத் தூக்கிக்கொண்டு தன் வழியே போயிருக்கலாம். அவன் பொறுப்பாக ஸ்டேஷனுக்கு நடந்துபோய்த் தகவல் சொன்னான். அதிலும் நின்றானா? போகும்போது அந்தத் துண்டு என்னுடையது, திருப்பித் தருவீர்களா என்று கேட்டிருக்கிறான்.

மறுநாள் காலையில் ஏட்டய்யா இலை முன்னால் உட்கார்ந்து சொன்னது எனக்கு அப்படியே நினைவிருக்கிறது.

“பொணத்து மேல துண்டு. துண்டுல ரத்தம். அவனே வந்து ‘அது என்னுதுங்க’ன்றான். இதுக்கு மேல இன்னாம்மா வேணும்? இப்பிடி ஒரு கேஸு எனக்கு ஆண்டவனா பாத்துக் குடுத்தாதான் உண்டு.”

“அவன் எதுக்குங்கய்யா அவரை வெட்டணும்?” என்று கேட்டேன்.

“கடுக்காய் வெலையில தகராறு. தலைவரு ரொம்பக் கம்மியா கேட்டாரு, இவனுக்கு ரோசம் வந்துச்சு.”

தலைவர் ஆயுசில் கடுக்காய் வாங்கியதில்லை. அதனாலென்ன, ஏட்டய்யா வாங்க வைத்துவிட்டார். கடுக்காய் வியாபாரத்துக்கு இரண்டு சாட்சியும் வைத்துவிட்டார்.

வாய்தாவுக்கு வாய்தா மலையிலிருந்து இறங்கி வர முடியாமல் காளியம்மா கீழேயே வேலை தேடினாள். எனக்கு மாவு ஆட்ட ஆள் தேவைப்பட்டது. இப்படியாக, தன் புருஷனை உள்ளே தள்ளியவர் தின்கிற இட்லிக்கு அவளே மாவு ஆட்ட வேண்டியதாயிற்று. ஏட்டய்யாதான் கேஸில் முக்கியமான சாட்சி. கத்தியைச் சடையன் எடுத்துக்கொடுத்தான், நான் கைப்பற்றினேன் என்று கூண்டில் ஏறிச் சொல்லப் போவது அவர்தான். அவர் சொல்லில்தான் சடையன் ஆயுசு இருந்தது.

காளியம்மா அவர் இலைக்கு மட்டும் நல்லெண்ணெய் ஜாஸ்தியாக ஊற்றிப் பொடி வைப்பாள். ஒருநாள் எனக்குத் தாங்கவில்லை. “உனக்கு எரியலையாடி?” என்றேன்.

“எரிஞ்சி இன்னாக்கா பண்றது? சாட்சி சொல்றப்ப ஒருவேள அவரு மனசு எறங்குனா?” என்றாள்.

சடையன் ஜாமீனில் வந்த பிறகு அவனும் எங்கள் மெஸ்ஸிலேயே தண்ணீர் தூக்க, இலை எடுக்க என்று ஒட்டிக்கொண்டான். ஏட்டய்யாவுக்கு அதில் ஒரு சங்கடமும் இல்லை. “இன்னாடா சடையா, மேல மழை பேஞ்சிதா?” என்று வாஞ்சையாக விசாரிப்பார். இவனும் “பேஞ்சிதுங்கய்யா” என்பான். சொந்தக்காரனைப் போலப் பலாப்பழ விளைச்சலைப் பற்றிப் பேசுவார்கள். விரோதத்தில் செய்திருந்தால் கூட மன்னித்திருக்கலாம். சும்மா, வேலை கச்சிதமாக அமைந்ததே என்று செய்தார்.

அவர் ரிட்டயர் ஆன பிறகு, வழக்கு இழுத்துக்கொண்டிருந்தபோதே, சென்னையிலிருந்து சினிமாக்காரர்கள் வந்தார்கள். கல்வராயன் மலையில் மேகம் இறங்குகிற ரோடாகப் பார்த்துப் படம் எடுக்க வேண்டுமாம். கதை என்னவென்றால், ஒரு பெரிய தலைவரைக் கொன்றுவிடுகிறார்கள். துப்பறிய வருகிற போலீஸ் அதிகாரி லஞ்சப் பேர்வழி. அவர் நூலைப் பிடித்துக்கொண்டே போகப் போக, சதி மேலே மேலே போய்க் கடைசியில் டெல்லியில் முடிகிறது. சாப்பாட்டு ஆர்டர் எங்களுக்கு வந்தது. மலை மேலேயே கொட்டகை போட்டு நானும் காளியம்மாவும் சமைத்தோம்.

போலீஸ் வேலை தெரிந்த ஆலோசகர் ஒருத்தர் வேண்டும் என்று டைரக்டர் கேட்டார். லஞ்சம் வாங்கிப் பழக்கமுள்ளவராக இருந்தால் நல்லது என்று சொல்ல அவருக்குக் கூச்சம். எங்களுக்கு என்ன கூச்சம்? ஊரே ஒரே விரலால் ஏட்டய்யாவைக் காட்டியது.

அவருக்கு அது மறுபிறவி. வெள்ளைச் சட்டையும் கூலிங் கிளாஸுமாகக் குடைக்கு அடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். முதல் நாளே ஹீரோவுக்கு வேலை வைத்தார். ஹீரோ மழையில் நனைந்துகொண்டு, வானத்தைப் பார்த்து, லஞ்சம் வாங்கிவிட்டோமே என்று கலங்கிக்கொண்டிருந்தார்.

“எதுக்கு சார் இவரு அழுவுறாரு?” என்றார் ஏட்டய்யா.

“குற்ற உணர்ச்சி சார்” என்றார் டைரக்டர்.

“வாங்குறவன் இப்பிடி சோகமா இருக்க மாட்டான் சார். அவனுக்கு இன்னா கொறை? சாயங்காலம் ஆனா மீன் வாங்கிக்கினு வூட்டுக்குப் போவான்.”

அடுத்து, சதி செய்கிற காட்சி. பெரிய அறை, வட்ட மேஜை, இருட்டில் சுருட்டுப் புகை. ஏட்டய்யா தலையில் அடித்துக்கொண்டார். “இவ்வளவு பேரு கூடியா சார் சதி பண்ணுவாங்க? டீக்கடை பெஞ்சுல ரெண்டு பேரு குந்திக்கினு இருப்பாங்க. ஒருத்தரு ‘அவன் ரொம்பப் பேசுறான்பா’ன்னுவாரு. இன்னொருத்தரு ‘பாத்துக்கலாம்’ன்னுவாரு. அவ்ளோதான் சதி. டெல்லி வரைக்கும் போறீங்களே, ஜீப்புக்கு டீசல் யாரு போடுவா?”

கிளைமாக்ஸில் அந்த அதிகாரி திருந்தி உண்மையைச் சொல்கிறார் என்றதும் அவருக்கு ஆறவே இல்லை. “நம்புற மாதிரி இல்லையே சார். எதுக்குத் திருந்துறான்?”

“மனசாட்சி சார்.”

“ரெண்டு சாட்சி இருந்தா போதும் சார். அது எதுக்கு மூணாவதா?”

சுற்றி நின்ற எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன் என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். காளியம்மா சாம்பாரைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

கொலைக் காட்சி எடுக்கிற அன்றைக்குத்தான் அது நடந்தது. ஆர்ட் டைரக்டர் ஒரு கொடுவாளைக் கொண்டுவந்து வைத்தார். பிளாஸ்டிக்கில் செய்து வெள்ளி வர்ணம் அடித்தது. ஏட்டய்யா அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தார், செத்த எலியைத் தூக்குவது போல. “இத்தால கொத்தமல்லி கூட கிள்ள முடியாது” என்றவர், ஒரு காரைக் கேட்டு வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போனார். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு ஒரு சாக்குச் சுருட்டலோடு திரும்பி வந்தார். உள்ளே ஒரு கொடுவாள்.

“இது அசல் சார். பரண் மேல கெடந்துச்சு. எங்க ஊரு சங்கத் தலைவரு கேஸு சொன்னேன் பாருங்க, அந்தாளை வெட்டுன கத்தியே இதான். எடை பாருங்க. பிடி பாருங்க. இதக் காட்டுனாதான் ஜனங்க நம்புவாங்க.”

டைரக்டர் புல்லரித்துப்போனார். படம் எப்படி எடுக்கிறோம் என்று காட்டுவதற்காகவே ஒரு பையன் சின்ன கேமராவோடு எப்போதும் சுற்றிக்கொண்டிருப்பான், அவனிடம் திருப்பிச் சொல்லச் சொன்னார். ஏட்டய்யா கூலிங் கிளாஸைக் கழற்றிவிட்டு, தெளிவாக, கேமராவைப் பார்த்துத் திருப்பிச் சொன்னார்.

நான் சாதக் கரண்டியோடு நின்றுவிட்டேன். காளியம்மா கத்தியின் பிடியையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிடியில் பாதிக்குப் பச்சை பெயின்ட், அதற்கு மேலே செம்புக் கம்பிச் சுற்று.

கரும்பு வெட்டுகிற இடத்தில் பல ஜமா ஒன்றாக இறங்கும். கத்தி மாறிப்போய்ச் சண்டை வரக் கூடாது என்று ஒவ்வொரு ஜமாவும் பிடியில் ஓர் அடையாளம் வைத்திருக்கும். சிலர் சிவப்புத் துணி கட்டுவார்கள், சிலர் மஞ்சள் அடிப்பார்கள். பச்சை பெயின்ட்டும் செம்புக் கம்பியும் லாரிக்காரர் ஜமா. காளியம்மா அதே ஜமாவில் கரும்பு வெட்டியவள். கோர்ட்டில் சடையன் கத்தி என்று சீட்டுக் கட்டி வைத்திருந்தது வேறு கத்தி, மொட்டை மரப்பிடி போட்டது. அதையும் அவள் வாய்தா தவறாமல் பார்த்திருக்கிறாள். ஒரு தலைவர், ஒரு கொலை, இரண்டு கத்தி.

ஏட்டய்யா இலைக்கு வந்து உட்கார்ந்ததும் காளியம்மா வழக்கம் போல அப்பளத்தை இரண்டாக வைத்தாள்.

அவ்வளவு கச்சிதமான மனிதர் அந்தக் கத்தியை ஏன் வெளியே எடுத்தார் என்று நான் பல நாள் யோசித்திருக்கிறேன். லாரிக்காரர் எப்போதாவது திரும்பினால் பிடிக்க ஒரு குடுமி வேண்டும் என்று அந்தக் காலத்தில் எடுத்து வைத்திருப்பார். அந்தத் தேக்குக் கதவு வந்ததும் அப்போதுதான். அதற்குப் பிறகு கடுக்காய்க் கதையை எத்தனையோ தடவை சொல்லிச் சொல்லி, அதுதான் நடந்தது என்று அவருக்கே ஆகிப்போயிருக்க வேண்டும். மற்றபடி அது பரண் மேல் கிடந்த ஒரு நல்ல கத்தி. சினிமாக்காரன் மோசமான கத்தியைக் காட்டியபோது அவருக்கு நல்ல கத்தி மட்டும்தான் நினைவுக்கு வந்தது.

நாங்கள் சடையனின் வக்கீலிடம் போனோம். இலவச சட்ட உதவியில் வந்த சின்ன வயசுப் பெண். சினிமா கம்பெனியிடம் அந்த வீடியோவை எப்படிக் கேட்டு வாங்குவது என்று அவள் கையைப் பிசைந்துகொண்டிருந்தபோது, அவர்களே அதை விளம்பரத்துக்காக நெட்டில் போட்டுவிட்டார்கள். ‘அசல் போலீஸ் காட்டும் அசல் கத்தி’ என்று தலைப்பு, பின்னால் திகில் மியூசிக். எங்கள் ஊர்ச் சதியை மறைக்க அத்தனை பேர் அத்தனை வருஷம் பாடுபட்டார்கள். லைக் பண்ணுங்க, ஷேர் பண்ணுங்க என்று ஏட்டய்யாவே அதில் கேட்டுக்கொண்டார்.

“இதக் காட்டி அவர் பொய் சொன்னார்னு சொல்லிடலாம்க்கா” என்றாள் வக்கீல் பெண்.

“சொல்லாதம்மா” என்றேன். “பொய்யன்னு சொன்னா அவருக்குக் கோவமே வராது. சினிமாவுக்காக சும்மா சொன்னேன்னு சொல்லிட்டு எறங்கிடுவாரு. வேல அரைகுறைன்னு சொல்லிப் பாரு.”

அன்றைக்கு மெஸ்ஸைப் பூட்டிவிட்டுக் கோர்ட்டுக்குப் போனேன். சடையன் கூண்டுக்குப் பக்கத்தில் கைகட்டி நின்றான். ஏட்டய்யா இஸ்திரி போட்ட சட்டையோடு ஏறி, கடுக்காய் விலையில் ஆரம்பித்து வரி பிசகாமல் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த எனக்கே சடையன் மேல் லேசாகச் சந்தேகம் வந்தது. வீடியோவைப் பற்றிக் கேட்டதும் நான் நினைத்தது போலவே சிரித்தார். “அது விளம்பரத்துக்குச் சொன்னதுங்க. சினிமா பாருங்க.”

“அப்ப கோர்ட்டுல இருக்குற இந்தக் கத்திதான் அசல்?”

“ஆமாங்க.”

அவள் அந்த மொட்டைப் பிடிக் கத்தியைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்: “நீங்க போட்ட கேஸெல்லாம் படிச்சிருக்கேங்கய்யா. எல்லாம் அவ்ளோ நேர்த்தி. இதுல மட்டும் இது ஒட்டவே இல்லையே? தகடு மாதிரி கத்தி. பிடியில கை பட்ட பளபளப்பு கூட இல்ல. கடையில வாங்குன சூடு ஆறல. நேத்து வேலைக்குச் சேந்தவன் செஞ்ச மாதிரி கீது. நீங்க செஞ்ச வேலையா இது?”

ஏட்டய்யாவின் முகம் சிவந்தது. அரசு வக்கீல் எழுந்து ஆட்சேபணை சொல்ல வாயெடுப்பதற்குள் வந்துவிட்டது.

“அன்னிக்கு சந்தை இல்லீங்க. கெடச்சதைத்தான் வாங்க முடிஞ்சிது.”

நீதிபதி எழுதுவதை நிறுத்தி நிமிர்ந்தார். ஏட்டய்யாவுக்குத் தான் சொன்னது என்ன என்று அப்போதும் உறைக்கவில்லை. தன் வேலையின் மேல் வந்த பழியைத் துடைத்துவிட்ட நிம்மதியோடு நின்றுகொண்டிருந்தார். காளியம்மா என் கையைப் பிடித்தாள், நகம் பதிய.

சடையன் விடுதலையானான். நான் கோர்ட் வாசலிலேயே அழுதேன். அவன் அழவில்லை. துண்டு திரும்பக் கிடைக்குமா என்று வக்கீல் பெண்ணிடம் கேட்டான்.

மற்றவர்கள் கதையையும் சொல்லிவிடுகிறேன். பச்சைப் பிடிக் கத்தி தன்னுடையதுதான், ஆனால் கொலைக்கு முன்பே திருடு போய்விட்டது என்றார் லாரிக்காரர். திருடு போனதற்குப் பழைய தேதியில் ஒரு புகாரும் இருந்தது. யார் எழுதியது என்று கேட்காதீர்கள், ரொம்ப நேர்த்தியாக எழுதியிருந்தது. மறு விசாரணை இன்னும் நடக்கிறது. ஏட்டய்யா மீதும் ஒரு விசாரணை வந்தது, அவர் போய்ச் சேர்ந்த பிறகும் அது நடக்கிறது. படம் எங்கள் ஊரில் நாலைந்து நாள் ஓடியது. அதில் லஞ்ச அதிகாரி திருந்தி, டெல்லி வரை போய், எல்லோரையும் பிடித்துவிட்டார். தியேட்டரில் கைதட்டினார்கள்.

ஏட்டய்யா இனி மெஸ் பக்கம் தலைகாட்ட மாட்டார் என்று நினைத்தேன். தீர்ப்புக்கு அடுத்த வாரமே வந்து அதே இடத்தில் உட்கார்ந்தார். என்னைக் கிட்டே கூப்பிட்டார்.

“அன்னிக்கு நெசமாவே சந்தை இல்லம்மா” என்றார். “இருந்திருந்தா இப்பிடி ஆவ வுட்டிருப்பனா?”

அவருக்கு அதுதான் வருத்தம். சடையன் பெயர் அவர் வாயில் வரவில்லை. காளியம்மா உள்ளே போய்ச் சட்னியில் ஒரு சொம்புத் தண்ணீரை ஊற்றிக் கலக்கி எடுத்துவந்தாள். இலையில் அது ஓடியது. ஏட்டய்யா பார்த்தார், தொட்டுக்கொண்டு சாப்பிட்டார். அதற்குப் பிறகு அவருக்குக் கடைசி வரை தண்ணிச் சட்னிதான்.

அவர் போனது எங்கள் மெஸ்ஸில்தான். காலை நேரம், நல்ல கூட்டம். டிவியில் ஏதோ சீரியலில் போலீஸ் வந்து ஒருத்தனைச் சட்டையைப் பிடித்து இழுத்துப் போனது. “டேய், எதுக்குப் புடிக்கிறேன்னு சொல்லாம…” என்று ஆரம்பித்தவர், பெஞ்சிலிருந்து சரிந்து தரையில் விழுந்தார். தண்ணீர் தெளித்தோம், நெஞ்சை நீவினோம். பக்கத்து மெடிக்கல் ஷாப்காரர் ஓடிவந்து கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

கண் திறந்தபடி இருந்தது. ஈ வர ஆரம்பித்தது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் இலையை விட்டு எழுந்து சுவரோரம் ஒதுங்கினார்கள். யாரும் கிட்டே வரவில்லை. எனக்கு அந்த மனிதர் மேல் எத்தனையோ கோபம் இருந்தும், அந்த நேரத்தில் பாவமாகத்தான் இருந்தது.

இலை வாளியோடு சடையன் உள்ளே வந்தான். பார்த்தான். வாளியைக் கீழே வைத்தான். அவன் கை தானாகத் தோளுக்குப் போய்த் துண்டை எடுத்தது. ஏட்டய்யாவுக்குப் பக்கத்தில் வந்து குனியப் போனவன், அப்படியே நின்றான். வாசல் பக்கம் ஒருமுறை பார்த்தான். பிறகு துண்டை என் கையில் கொடுத்தான்.

“நீங்க போடுங்கக்கா. நான் போட்டா கேஸாயிடும்.”

நான் வாங்கி மூடினேன். சடையன் இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் நின்றவர்களிடம் போனான். அவர்களில் இரண்டு பேருக்கு முன்னால் நின்று, ஒவ்வொருத்தராக முகத்தைப் பார்த்து, பணிவாகக் கேட்டான்.

“அண்ணே, நீங்க பாத்துக்கினுதானே இருந்தீங்க? அக்காதான் போட்டாங்க.”